ஸ்வெட்டரைத் துவைத்த நாள்

ஸ்வெட்டரை உதறிக் கொடியில் போட்டு, தோள்பட்டையை நீவி, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிய பிறகுதான் லாண்டரிக்காரருக்கு உறைத்தது, தான் என்ன செய்திருக்கிறோம் என்று. முழங்கையில் ஒட்டுப்போட்ட, மனைவியின் பச்சை ஸ்வெட்டர். அவள் போன நாளிலிருந்து நாய் இரவும் பகலும் எதன்மேல் படுத்துக் கிடந்ததோ, அதே ஸ்வெட்டர். சோப்பில் ஊறி, அலசி, பிழிந்து, புதுசுபோலக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வேண்டுமென்றா செய்தார்? மறுநாள் தங்கை வருகிறாளே என்று வீட்டைப் பெருக்கினார். மூலையில் முடியும் மண்ணுமாக ஒரு துணி கிடந்தது. அழுக்குத் துணியைக் கண்டால் வாளியில் போட்டே பழகிய கை, அவரைக் கேட்டுக்கொண்டா போடும்? காலர் ஓரத்துக் கறையைத் தனியாக பிரஷ் போட்டுத் தேய்த்துக்கூட விட்டார். அந்தக் கை பாழாய்ப் போக.

நாயைக் கொண்டுவந்தது அவரில்லை. யாரோ வெந்நீரை ஊற்றி, முதுகுத் தோல் உரிந்து கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் கிடந்ததை மனைவிதான் ஒரு வெள்ளை விரிப்பில் சுற்றித் தூக்கிவந்தாள். அது வாடிக்கைக்காரர் வீட்டு விரிப்பாயிற்றே என்று இவர் தாம்தூம் என்று குதித்தார். நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வழியை விடுங்கள் என்று போய்விட்டாள். புண் ஆறியது. முடி முளைக்காத ஒரு திட்டு நின்றுவிட்டது, பயமும் தங்கிவிட்டது. ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டுப் புஸ்ஸென்று ஆவி கிளம்பினால் போதும், உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமெடுக்கும். வீட்டோடு சேர்ந்த கடைதான். ஆனாலும் இஸ்திரி அறையின் வாசற்படியை அது ஒருநாளும் தாண்டியதில்லை. கொஞ்சம் தைரியம் வந்த பிறகு படிக்கு அந்தப் பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் நின்று தேய்த்துக்கொண்டே அவள் அதனோடு ஊர்க்கதை பேசுவாள்.

மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது என்று அதற்குத் துரை என்று பேர் வைத்தவளும் அவள்தான். துரை சாப்பிட்டாரா, துரைக்குத் தூக்கம் வருதாக்கும் என்று ஒரே உபசாரம். கட்டிய புருஷனுக்கு இல்லாத மரியாதை என்று இவர் முணுமுணுப்பார்.

"நீங்களும் வாலை ஆட்டுங்க, தரேன்" என்பாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. துக்கத்தில் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயில் குளம் என்று அலைவார்கள். இவர் துவைத்தார். தலையணை உறை, போர்வை, அலமாரியில் இருந்தது, ஆணியில் தொங்கியது என்று அவளுடையது எல்லாவற்றையும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அடுக்கினார். நாற்காலிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஸ்வெட்டர் மட்டும் அவர் கண்ணில் படாமல் துரையின் மூக்கில் பட்டது.

காய்ந்ததும் அதைக் கொண்டுபோய் மூலையில் பழையபடி விரித்தார், ஒன்றுமே நடக்காததுபோல. துரை வந்தது. முகர்ந்தது. காலால் புரட்டிப்போட்டு மறுபக்கம் முகர்ந்தது. ஸ்வெட்டர் கைக்குள் மூக்கை நுழைத்துத் தேடியது. பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. எங்கே வைத்தாய் என்று கேட்பதுபோல இருந்தது. துரை தெருக்கதவருகே போய்ப் படுத்தது. அன்றிலிருந்து தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கை வந்து நாலு நாளாகியும் தட்டு அப்படியே கிடக்க, அவள் அதன் எலும்பைத் தடவிப் பார்த்தாள். அண்ணியின் வேறு துணி எதையாவது போடக் கூடாதா என்றாள். அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். மடிப்புக் கலையாமல் வரிசையாக இருந்தன. சோப்பு வாசனைதான் வந்தது.

"எல்லாத்தையும் தொவச்சிட்டேம்மா."

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். "வாயில்லாத ஜீவன்தானே அண்ணா. கொஞ்ச நாள்ல மறந்துடும்."

அந்த ஆறுதல்தான் அவரைப் பயமுறுத்தியது. பிள்ளையில்லாத வீடு. அவள் எப்படி இருமுவாள், எந்தக் காலை இழுத்து நடப்பாள் என்று தெரிந்த உயிர் அவரை விட்டால் அந்த நாய் ஒன்றுதான். அதுவும் மறந்துவிட்டால்? மறக்காமல் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிட்டால்? மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, சாப்பிட வையுங்கள் என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

தங்கை ஊருக்குத் திரும்பிய அன்று ஓட்டல்காரர் மேசைவிரிப்புகளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். தேய்க்க நின்றால், அவருடைய இஸ்திரிப் பெட்டி வயர் கருகி அணைந்தது. வேறு வழியில்லாமல் பரணிலிருந்து மனைவியின் பெட்டியை இறக்கினார். கைப்பிடி சுடுகிறது என்று அதில் ஒரு துணிக் கீற்றைச் சுற்றி வைத்திருந்தாள். அவளுடைய இடது கை பிடித்துப் பிடித்து, விரல் படும் இடமெல்லாம் கறுத்துக் குழிந்திருந்தது. கண்ணில் கண்ட துணியையெல்லாம் துவைத்தவருக்கு இது துணி என்றே தோன்றியிருக்கவில்லை.

பெட்டி சூடேறியது. முதல் விரிப்பை நீவியிருப்பார், வாசற்படியில் நகம் கீறும் சத்தம் கேட்டது. துரை நின்றுகொண்டிருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மூக்கு மட்டும் நடுங்காமல் பெட்டியையே நோக்கி நீண்டிருந்தது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சட்டென்று பிளக்கைப் பிடுங்கினார். விரிப்பு ஈரமாகவே கிடந்தது. ஓட்டல்காரர் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கைப்பிடியில் தன் மூக்கை வைத்துப் பார்த்தார். தீய்ந்த வாசனைதான் அவருக்குக் கிடைத்தது. அடிப்பாகத்தைத் தொட்டு, குளிர்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

துரை ஒரு காலைப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. வயிறு தரையில் உரச, ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஆயுள் முழுக்க எதைக் கண்டு ஓடியதோ அதன் கைப்பிடிமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"இருக்காளா?" என்று கேட்டார்.

துரை கண்ணைத் திறக்கவில்லை. வால் மட்டும் தரையைத் தட்டிற்று.