நாக்கின் நற்சான்று

அந்தப் பட்டறையின் மேஸ்திரிக்கு நாக்கே நீதிமன்றம். வண்டிக்கடியில் ஈரம் கண்டால் விரலால் தொட்டு நுனிநாக்கில் வைப்பார். இனித்தால் கூலன்ட், இனிக்காவிட்டால் தண்ணீர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பு பொய்த்ததில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சைத் திரவத்தில் மிஞ்சியதைக் காலிக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மேசைமேல் நிறுத்துவதும் அவர் வகுத்த வழக்கமே.

காலை ஒன்பது மணிக்குத் தன் வேனைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த மேஸ்திரியின் தங்கை கணவர், வியர்வையோடு அந்தப் பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து பாதியைக் காலிசெய்தார்.

"என்ன மச்சான், சர்பத்துல சர்க்கரையைக் கொட்டிட்டாங்களா?"

பட்டறை வெல்டர் திரும்பிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கூலன்ட் மாப்ள. இனிமே தங்கச்சி எவ்வளவு திட்டினாலும் உங்களுக்குச் சூடே ஏறாது."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா மச்சான்?"

"அட போங்க மாப்ள. நான் வருஷக்கணக்கா நக்கிப் பாக்குறேன், எனக்கு என்ன ஆச்சு? தண்ணியக் குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க" என்றார் மேஸ்திரி.

துளிக்கும் பாட்டிலுக்கும் உள்ள தூரத்தை அவர் அளக்கவில்லை. ஆராயாமல் நம்பப்படும் அனுபவமும் மூடநம்பிக்கையே. அதுவும் காவு கேட்கும்.

நண்பகலில் மாப்பிள்ளைக்குக் கால் பின்னியது, நா குழறியது. "ஆஸ்பத்திரி… மச்சான்" என்றார். தூக்கக் கலக்கம் என்று மேஸ்திரி மீண்டும் படுக்கவைத்தார். மூன்று மணிக்கு மூச்சு மாறியது. படுத்த படுக்கையில், மலையேறுகிறவனைப் போல, ஆழமாகவும் வேகமாகவும் இரைத்தது. தட்டி எழுப்பினால் கண் திறக்கவில்லை. அப்போதுதான் மேஸ்திரி அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார்.

மருத்துவமனைக்குத் தங்கை ஓடிவந்தபோது மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "எவ்வளவு குடிச்சார்?"

"குடியா? சாராயக்கடை இருக்கிற தெருவுலகூட நடக்கமாட்டார் டாக்டர். எங்க அண்ணனையே கேளுங்க."

மருத்துவர் சோதனைத்தாளை நீட்டினார். "ரத்தம் அமிலமாயிட்டு இருக்கு. அதோட போராடித்தான் இப்படி மூச்சு வாங்குது. சாராய வாடை இல்ல, சர்க்கரை நோயும் இல்ல. உள்ள என்ன போச்சு? யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க. முதல்ல கிட்னி போகும், அப்புறம் ஆளே போயிடுவார்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவள் உறவு போகும். சொல்லாவிட்டால் அவள் கணவன் போவான்.

"கூலன்ட். அரை பாட்டில். காலைல ஒன்பது மணிக்கு."

"ஒன்பதுக்கா? இப்ப நாலாகுது. ஏன் உடனே கொண்டுவரல?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் படுக்க வெச்சேன்."

"உள்ள போனதும் அந்த இனிப்புதான்யா அமிலமா மாறுது" என்றபடியே மருத்துவர் உள்ளே விரைந்தார். முறிமருந்துக்கும், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் ஆணைகள் பறந்தன.

இருள் கவியும் வேளையில் மருத்துவர் வெளியே வந்தார். மூச்சு தணிந்திருக்கிறது, உயிர் தங்கிவிடும். கிட்னி பிழைக்குமா என்பதைச் சில நாள் கழித்தே சொல்லமுடியும் என்றார்.

தங்கை சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அவர் உன்கிட்ட கேட்டாரா?"

ஒருமுறை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதைக் காதால் கேட்டவர் அவரைத் தவிர வேறு யாருமில்லை.

"ரெண்டு தடவை கேட்டார்மா" என்றார் மேஸ்திரி.