கடைசி பஸ், முதல் பஸ்

அவள் பல்கலைக்கழகத்தில் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். தூங்குவதற்கே சம்பளம் வாங்குகிறாள் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அதிலும் பஸ் ஓட்டும் அண்ணன் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த வருஷம் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு நிதியை அறிவித்தது. வெளியே உள்ள நிறுவனத்தோடோ பொதுத்துறை அமைப்போடோ கைகோத்துச் செய்யும் ஆய்வுக்குத்தான் பணம். முடிவைக் கூட்டாளி நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அவளுக்கு அண்ணனின் டிப்போதான் நினைவுக்கு வந்தது.

போக்குவரத்துக் கழகம் சம்மதித்துவிட்டது. ஓட்டுநர்கள்தான் பிடிகொடுக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே கண்ணிமையைக் கவனிக்கும் கருவி ஒன்றை வைக்கப்போகிறார்கள் என்றதும் ஓய்வறையில் ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன்தான் எழுந்து பேசினான்.

"என் தங்கச்சிப்பா. யார் பேரும் வெளியே போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

முதலில் முன்வந்தவர் மீசை. மழமழவென்று சவரம் செய்த முகம். அதற்காகவே வைத்த பெயர். "பாப்பா, உன் மெஷின் கண்ணை மட்டும்தானே பார்க்கும்? வாயையும் பார்த்தா நான் அதிகாரிங்களைத் திட்டுறதெல்லாம் ஏறிடும்," என்றார். ஓய்வறையே சிரித்தது. அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரவு கடைசி பஸ்ஸை ஓட்டிவிட்டு விடிவதற்குள் முதல் பஸ்ஸையும் எடுப்பவர்களுக்கு, ஓடும் வண்டியிலேயே கண் செருகியது. மேட்டுப் பாதையில் ரொம்ப மோசம். இந்த இரண்டு ஷிப்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள் என்று அறிக்கையில் எழுதினாள். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டாள். எந்தப் பாதை, எந்த ஷிப்ட் என்பதை மட்டும் எடுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அண்ணன் போன் செய்தான். குரலே சரியில்லை.

"மீசையை வண்டியிலேருந்து இறக்கிட்டாங்க. டிப்போ கேட்டுல உட்கார வச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு பேரையும் இறக்கிட்டாங்க."

"அதுல பேரே இல்லையேண்ணா?"

"மேட்டுப் பாதையில கடைசி பஸ் ஓட்டுறது அவர் ஒருத்தர்தானே. பேர் எதுக்கு?"

இவ்வளவு படித்தும் இது புத்தியில் உறைக்காமல் போயிற்றே என்று இருந்தது. "அந்த ஷிப்ட்ல இப்ப யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான். ரெண்டும்."

மறுநாளே டிப்போ மேலாளரிடம் போய் நின்றாள். அவர் மரியாதையாகவே பேசினார். "நீங்க எழுதினதைத்தானே செஞ்சோம்?"

"நேரத்தை மாத்தச் சொன்னேன் சார். ஆளை மாத்தச் சொல்லலை."

"நேரத்தை மாத்தணும்னா கூட ஆள் வேணும். ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

பல்கலைக்கழகத்தில் நிதிப் பிரிவுத் தலைவி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். எந்த ஆய்வும் இத்தனை சீக்கிரம் நடைமுறைக்கு வந்ததில்லையாம். நிதித் திட்டத்தின் விழாவில் இவள்தான் முதலில் பேச வேண்டுமாம்; இரண்டாம் கட்டத்துக்கும் நிதி உறுதியாம். இவள் நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"கூட்டாளியைப் பகைச்சுக்கிட்டா அடுத்து வர்றவங்களுக்கும் கதவு மூடிடும்மா. அதையும் யோசிச்சுப் பாருங்க."

அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அண்ணி போன் செய்தாள். "உன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடுறார். டிப்போவுல டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுறதில்லையாம்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

அவள் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். தன் பிழையையும் மறைக்கவில்லை. இரண்டாம் கட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். குழு கூடியது, இழுத்தது, கடைசியில் கழகத்துக்குக் கடுமையாகவே எழுதியது. மேட்டுப் பாதையில் மட்டும் இரண்டு ஷிப்டையும் பிரித்தார்கள். மற்ற இருவரும் வண்டிக்குத் திரும்பினார்கள். அதிகம் கண் செருகியவர் என்று சொல்லி மீசையை மட்டும் ஏற்றவில்லை. இனிமேல் பல்கலைக்கழக ஆட்கள் டிப்போவுக்குள் வரக்கூடாது என்றும் கழகம் சொல்லிவிட்டது.

அதனால் அவள் வாசலோடு நின்றே மீசையைப் பார்த்தாள். அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் பாப்பா," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் நிஜமாவே கண்ணை மூடினேனா?"

"மூடினீங்க."

"ஆளுங்க உள்ளே இருக்கும்போதா?"

"ஆமா."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியவே தெரியாதும்மா." பிறகு கேட்டார்: "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"முதல் வாரத்துலயே."

ஆய்வு முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் மீசை.

வெளியே ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். பஸ் உள்ளே போன பிறகும் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.