கஞ்சர் கொடுத்த புத்தகங்கள்

பல் செட்டின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டை மெழுகில் பதித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கைப்பேசியைப் பார்த்தாள். புத்தகக் குழுவில் கஞ்சர் இன்னொரு புத்தகத்தையும் கொடுக்க முன்வந்திருந்தார். கப்பல் நாவல். இரண்டு பாகம், கெட்டி அட்டை. “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தபால் செலவும் என்னுடையது” என்று போட்டிருந்தார். அதன் கீழே ஆட்கள் ஏற்கெனவே முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு, எனக்கு, நான்தான் முதலில், கைகூப்பும் பொம்மை, இதயம், இன்னொரு இதயம். அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் கப்பல் நாவலை அவர் யாருக்கும் கண்ணில்கூடக் காட்டியதில்லை. செத்தால் தலைக்கு வைத்துக்கொண்டு போவேன் என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அவளும் “எனக்கு” என்று போட்டாள். வேறு யார் கைக்கும் அது போய்விடக் கூடாது என்று மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது. கஞ்சர் அவளுக்கே ஒதுக்கினார். “பல்லக்காவுக்கு” என்ற ஒற்றைச் சொல். வழக்கமாக வருகிற பத்து நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை.

அந்தப் புத்தகக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. சேர்ந்து கொஞ்ச நாளில் ஆளுக்கொரு பட்டப்பெயர் விழுந்துவிடும். பல் செட் செய்யும் ஆய்வகத்தில் வேலை என்று சொன்ன பாவத்துக்கு இவள் பல்லக்கா ஆனாள். முடிவைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவேன் என்ற மருந்துக்கடைக்காரர் கடைசிப்பக்கம். கஞ்சருக்குப் பெயர் வந்த காரணத்தை விளக்கவே தேவையில்லை. மாற்றிக்கொள்வாரே தவிர சும்மா கொடுக்க மாட்டார். மாற்றுவதற்கு முன் எதிராளி தன் புத்தகத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதுகுத்தாளையும் சேர்த்து. ஒருமுறை யாரோ பக்க முனையை மடித்து அனுப்பிவிட, கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். பிறகு அவர் இல்லாமல் குழு தூங்கி வழிகிறது என்று ஆளாளுக்குக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, மடித்தவரை மன்னிக்கவில்லை என்று அறிவித்தார்.

குழுவுக்கு விதி ஒன்றே ஒன்றுதான். கொடுத்தது கொடுத்ததுதான். மாற்றிக்கொண்டதோ சும்மா தந்ததோ, திருப்பிக் கேட்கக் கூடாது. தொலைபேசி எண் வாங்குவதும் வழக்கமில்லை. பார்சலின் மேல் இருக்கும் முகவரியோடு சரி.

ஆனாலும் இரண்டு வருடமாகச் சாப்பாட்டு வேளைகளில் அவள் அதிகம் பேசியது கஞ்சரோடுதான். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் கிடந்தபோது, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் அனுப்பினார். இது முடிவதற்குள் அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்று ஒரு செய்தியும் போட்டார். முக்கால்வாசி படிப்பதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அதைச் சொன்ன அன்றே கஞ்சர், நல்லது, ரொம்பச் சந்தோஷம், அது கொடுத்தது இல்லை, இரவல், எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது வாரி இறைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் முழுக்க இதே கதைதான். குழுவில் அவரை வள்ளல் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவளுக்கு வேறொருவர் ஞாபகம் வந்தது. ஆய்வகத்தில் அச்சு வார்க்க ஒரு பிளாஸ்டர்காரர் இருந்தார். சிடுமூஞ்சி. யாராவது அவருடைய பொருளைத் தொட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. ஒரு வாரம் திடீரென்று கொடுக்க ஆரம்பித்தார். ரேடியோ வாட்ச்மேனுக்கு, குவளை கூட்டுகிற அம்மாவுக்கு, மெழுகுக் கத்தி இவளுக்கு. தங்கமான ஆளப்பா, நாமதான் தப்பா நெனச்சுட்டோம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று மத்தியானம் செய்தி வந்தது. அவள் இப்போது கீழே வைத்தது அவருடைய கத்திதான். நல்ல கத்தி. அவள் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறாள்.

கஞ்சருக்குத் தனியாக எழுதினாள். உடம்புக்கு ஏதாவதா? இல்லை. வீட்டில் பிரச்சினையா? வீடுதான் பிரச்சினை, விடுங்க என்று பதில் வந்தது. குழுவில் மெல்ல வாயைத் திறந்து, இவர் ஏன் இப்படி எல்லாவற்றையும் கொடுக்கிறார், யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பார்த்தாள். கடைசிப்பக்கம் சிரிப்புப் பொம்மை போட்டு, கேள்வி கேட்டு அவர் மனசை மாற்றிவிடாதீர்கள், எனக்கு இன்னும் இரண்டு வர வேண்டும் என்றார்.

பார்சல் வந்தது. செய்தித்தாள் ஒரு சுற்று, பிளாஸ்டிக் ஒரு சுற்று, நாலு மூலைக்கும் அட்டை வெட்டி வைத்து, நாடாவை ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. குளிப்பாட்டித் துணி சுற்றி வழியனுப்பியது போல இருந்தது அது. சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் பிரிக்காமல் நின்றாள்.

அவள் கணவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். புத்தகம் என்றால் அவனுக்கு, வேனில் ஜாக்கிக்கு அடியில் வைக்க உதவுவது. அவள் பயத்தைக் கேட்டுவிட்டுப் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சாகப்போறவன் மூலைக்கு அட்டை வெச்சுக் கட்டுவானா?”

“அதனாலதாங்க பயமா இருக்கு.”

“முகத்தைக்கூடப் பாத்தது கெடையாது நீ. அங்க போய் நின்னு, அண்ணே, உயிரோட இருக்கீங்களான்னு கேப்பியா?”

“கேப்பேன்.”

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு பார்சலில் இருந்த முகவரியைப் படித்து, நெடுஞ்சாலையில் போனால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லை என்றான். போகிற வழியெல்லாம், உன் வள்ளலுக்குப் பெண்டாட்டி கிடைத்திருப்பாள், அவள் வந்து குப்பையைத் தூக்கிப் போடு என்றிருப்பாள் என்று கிண்டல் செய்துகொண்டே வந்தான். ஊர் நெருங்க நெருங்க அவனும் வாயை மூடிக்கொண்டான். வேனை முன்னைவிட வேகமாக ஓட்டினான்.

மூன்று மாடிப் பழைய கட்டடம். படிக்கட்டில் சைக்கிள், காலி எண்ணெய் டின், யாருடையதோ ஈரச் செருப்பு. மேல்மாடியில் அவர் வீட்டு வாசலிலேயே பார்சல்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி. எல்லாம் தெரிந்த முகவரிகள். அவளே அனுப்பியும் வாங்கியும் பழகிய தெருக்கள். அழைப்பு மணியை அழுத்தினாள். சத்தமில்லை. கதவைத் தட்டினாள். உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடி தட்டினாள். கணவன் அவளை நகர்த்திவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

“ரூம் காலியா இருக்கு. அலமாரியெல்லாம் வெறுசா இருக்கு.”

“ஆளு?”

“தெரியலை. சட்டை மாட்டியிருக்கு.”

போலீசைக் கூப்பிடுவதா, பக்கத்து வீட்டைத் தட்டுவதா என்று தெரியாமல் பார்சல்கள் மேலேயே உட்காரப் போனாள்.

“அது மேல உக்காராதீங்க” என்றது படிக்கட்டில் ஒரு குரல்.

ஒருவர் மேலேறி வந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். தலை, புருவம், தோள், முழங்கை எல்லாம் வெள்ளை. கையில் பூச்சுக் கரண்டி. அது பிளாஸ்டர் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. யார் வேணும் என்று கேட்டார். அவள் தன் பட்டப்பெயரைச் சொன்னாள். அதைச் சத்தமாகச் சொல்ல வாய் கூசியது. இதுவரை அது எழுத்தாக மட்டுமே இருந்தது.

அந்த மனுஷன் முகம் வெளிறியதா என்று அந்த வெள்ளையில் கண்டுபிடிக்க முடியவில்லை.

“புக்கு வந்து சேரலையா? ஓரம் மடங்கிடுச்சா?”

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்தது. கணவன் அவளைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். கஞ்சருடைய அலமாரிகள் எல்லாம் ஒரே சுவரோரம் நின்றன. இருபது வருடப் புத்தகங்கள். போன மாதம் கீழ்வீட்டு அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு பாளம் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் அலமாரி நிற்கிற நீளத்துக்கு விரிசல். வீட்டுக்காரர் வந்தார், கத்தினார். ஒன்று புத்தகம் போக வேண்டும், இல்லை நீ போக வேண்டும் என்றார். பழைய புத்தகக் கடைக்காரன் எடைக்குக் கேட்டான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது கஞ்சருக்குக் குரலே மாறியது. கட்டடம் பார்க்கிற மேஸ்திரி, மழைக்காலம் முடிந்து கீழே உத்தரம் போட்டுவிட்டால் பழையபடி அடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதுவரை?

“அதுவரைக்கும்?” என்று அவளும் கேட்டாள்.

கஞ்சர் பூச்சுக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்ககிட்டயெல்லாம் இருந்தா பத்திரமா இருக்கும்னுதான். யார்யார்கிட்ட எது இருக்குன்னு எனக்குத் தெரியும். கேட்டா குடுத்துட மாட்டீங்களா?”

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கணவன்தான் முதலில் சிரித்தான். படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கிற சிரிப்பு. அந்த மனுஷன் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. ஊர் ஊராக ஆட்களை அலமாரியாக்கி அடுக்கி வைத்திருக்கிறார். உத்தரம் போட்ட மறுநாள் ஒவ்வொருவராகப் பிடித்துத் திருப்பிக் கேட்கப் போகிறார். சாகப்போகிற ஆள் எதையும் திருப்பிக் கேட்க நாள் குறிக்க மாட்டான். அவள் நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. போன இடத்தில் நல்ல கோபம் வந்து உட்கார்ந்தது.

“கொடுத்தது கொடுத்ததுதான். அதுதான் ரூல்.”

“தெரியும்.”

“நீங்க செத்துப் போகப்போறீங்கன்னு நெனச்சு வந்தேன்.”

கஞ்சர் நிமிர்ந்தார். மேலே வரும்போது இருந்த ஆள் வேறு, இப்போது நிற்கிற ஆள் வேறு மாதிரி இருந்தது.

“அப்படி நெனப்பு வந்த காலமும் இருந்துச்சு. இப்ப இல்ல” என்றார். பிறகு, அதைச் சொன்னது தப்போ என்பது போல, “அந்தக் கப்பல் நாவலை எங்க வெச்சிருக்கீங்க? வெயில் படாத எடம்தானே?” என்று கேட்டார்.

“அடுப்புக்குப் பக்கத்துல” என்றாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இன்னும் பிரிக்கவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

உள்ளே உட்கார வைக்க நாற்காலி இல்லாததால் கீழ்வீட்டுக்கே அழைத்துப் போனார். இறங்கும்போது, குழுவில் இதைச் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் ஒளித்து வைத்துக்கொள்வார்கள், அந்தக் கடைசிப்பக்கம் நிச்சயம் ஒளிப்பார் என்று கெஞ்சினார். பார்க்கலாம் என்றாள். அதற்கு மேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வள்ளலுக்கு யாரோ நன்றி சொல்கிறார்கள் போல.

கீழ்வீட்டு அம்மா பருத்த உடம்பு, கணீரென்ற குரல். இவர்கள் யார் என்று தெரிந்ததும், ஓ, அந்தப் புக்கு வாங்கற கூட்டமா என்றார். என் கூரைப் பாரத்தை எறக்கி வைக்க நீங்களாவது பொறந்தீங்களே என்றார். பத்து நாளாகக் கஞ்சர் தினமும் வந்து தன் கையாலேயே பூசுவதாகவும், கொத்தனாரைவிட மோசமாகப் பூசுவதாகவும் சொன்னார். அறை நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கி நின்றன. ஒன்றில் துண்டு காய்ந்தது. சாப்பாட்டு மேசையைத் தூண்களுக்கு நடுவே நுழைத்துப் போட்டிருந்தார். தேநீர் வந்தது.

“பூச்சு காயற வரைக்கும் யாரும் அடியில நிக்காதீங்க” என்றார் கீழ்வீட்டு அம்மா. சொல்லிவிட்டு, எதுவரை பூசியிருக்கிறது என்று காட்ட அவரே அடியில் போய் நின்றார். அவள் கணவன், பிடிப்பு போதாது, தண்ணி அதிகம் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் போனான். கஞ்சர் மறுத்துக்கொண்டே போனார். அவளும் போனாள். ஈரம் மினுங்குகிற அந்தப் பெரிய வெள்ளைத் திட்டு மெல்லத் தொய்கிறதா, இல்லை அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. நாலு பேரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு, வாய் லேசாகப் பிளந்தபடி, தேநீர்க் குவளைகளைக் கையில் பிடித்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.