இருபத்தேழாம் அதிகாரம்

புதன்கிழமை வேதபாடத்தில் யெப்தாவின் பொருத்தனையைப் பற்றிப் பேச தாவீதைவிடத் தகுந்த ஆள் சபையில் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். தாவீதும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், புதிதாக வந்திருந்த போதகர் கிதியோன் ஒரு யோசனை சொன்னார். வேதத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதிகளை வாரம் ஒன்றாக எடுத்துப் படிக்கலாம் என்றார். எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட கதை ஒரு வாரம் ஆனது. கானானியப் பெண்ணிடம் இயேசு நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொன்ன வார்த்தை இன்னொரு வாரம். நான்காவது வாரத்துக்கு நியாயாதிபதிகள் பதினோராம் அதிகாரம். யுத்தத்துக்குப் போகிற யெப்தா, தான் ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைக் கர்த்தருக்குப் பலியாகக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்கிறான். ஜெயித்தும் வருகிறான். அவனுடைய ஒரே மகள் தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு எதிரே வருகிறாள். அவன் உடுப்பைக் கிழித்துக்கொண்டு அழுகிறான். ஆனால் வார்த்தையை மாற்றவில்லை.

தாவீதுக்கும் ஒரே மகள். பெயர் அருள். பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் குழந்தையின் கண்கள் மேலே செருகிக்கொண்டன. டாக்டர் தாவீதின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அப்போது தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த தாவீது, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வராந்தா ஓரத்தில் போய் மண்டியிட்டார். இவளைப் பிழைக்க வைத்தால் இவள் உமக்குத்தான். கல்யாணம், குடும்பம் என்று எதையும் கேட்க மாட்டேன், முழுநேர ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அதை அவர் ஒவ்வொரு சபை ஆண்டு விழாவிலும் சாட்சியாகச் சொன்னார். அருள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டே வளர்ந்தாள். சபையில் அவளைப் பொருத்தனைப் பிள்ளை என்றார்கள்.

அருள் கணிதம் படித்தாள், பி.எட். முடித்தாள், ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்து மூன்று வயதில், அதே பள்ளியில் இயற்பியல் எடுத்த ஆனந்தராஜ் என்பவருடைய பெற்றோர் பழத்தட்டோடு பெண் கேட்டு வந்தார்கள். வாலாஜாபாத் பக்கம், அவர்களும் சபைக்குப் போகிறவர்கள்தான். தாவீது அவர்களுக்குக் காபி கொடுத்து, வராந்தாவில் மண்டியிட்ட கதையைச் சொல்லி, தட்டை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அருள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

பேசியது தாவீதின் மனைவி மங்கையர்க்கரசிதான். பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பத்தில் பிறந்தவள். தாவீதைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் எடுத்தாள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

“எங்கம்மா ஊட்ல நேந்துக்கினு செய்ய முடியலன்னா, ஒரு ரூபாய மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சு, தாயே பொறுத்துக்கோன்னு கேட்டுப்பாங்க. அந்தச் சாமி பொறுத்துக்கும். நம்ம சாமி பொறுத்துக்காதா?”

அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டில் பேசாதே என்று தாவீது சொன்னார். அவர் அவளிடம் அப்படிக் குரல் உயர்த்தியது கல்யாணமாகி அதுவரை இல்லை. அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அருள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொதுத்தேர்வு முடியட்டும், அதுவரை இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். யெப்தாவின் மகளும் இரண்டு மாதம்தான் தவணை கேட்டாள் என்பது உடனே தாவீதுக்கு ஞாபகம் வந்தது. அவர் நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த ஆண்டு விழாவிலிருந்து அதையும் சாட்சியில் சேர்த்துச் சொன்னார்.

அருள் வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாள். பிறகு ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில், மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போனாள். வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் இருபது நாள் வீட்டுக்கு வருவாள். ஆறு வருடத்துக்கு முன்னால் மங்கையர்க்கரசி மாரடைப்பில் இறந்தபோது, அவள் வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

இப்படிப்பட்ட தாவீதிடம்தான் போதகர் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார். கூடவே சேர்த்துப் படிக்கவேண்டிய பகுதிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். எபிரெயர் பதினொன்று, அதில் யெப்தாவின் பெயர் விசுவாசிகளின் பட்டியலில் வருகிறது. பிரசங்கி ஐந்து, பொருத்தனை செய்தால் செலுத்தத் தாமதிக்காதே என்கிறது. இரண்டும் தாவீதுக்கு மனப்பாடம். யெப்தா மகளைக் கொல்லவில்லை, கல்யாணம் இல்லாமல் கர்த்தருடைய வேலைக்கு விட்டான் என்று சிலர் சொல்கிற விளக்கமும் அவருக்குத் தெரியும். அதைத்தான் அவர் எப்போதும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக, லேவியராகமம் இருபத்தேழு என்று இருந்தது. அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை டீ குடித்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதைத் திறந்தார். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவன் ஒரு மனித உயிரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால், அந்த உயிருக்கு ஈடாக இவ்வளவு வெள்ளி கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரம் ஆரம்பிக்கிறது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, கிழவருக்கு இவ்வளவு. ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரைக்கும் உள்ள பெண்குழந்தை என்றால் மூன்று சேக்கல் வெள்ளி. அதுவும் கொடுக்க முடியாத ஏழை என்றால், ஆசாரியனிடம் போனால் போதும். அவனால் முடிந்ததை ஆசாரியன் மதிப்பிட்டுச் சொல்வான்.

தாவீது சேக்கலின் எடையை வேதாகமத்தின் பின்பக்க அட்டவணையில் பார்த்தார். குழந்தையின் காலுக்குப் போடுகிற ஒரு ஜோடி கொலுசுக்குத்தான் அந்த வெள்ளி வரும்.

மீட்கவே முடியாத நேர்ச்சையும் உண்டு என்று அதே அதிகாரத்தின் கடைசியில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அது சாபத்தீடாக, அதாவது அழிவுக்கென்றே, விட்டுவிடப்பட்டதைப் பற்றியது. வராந்தாவில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தகப்பன் பயத்தில் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தையைத்தான் சொன்னார். அதற்குக் கர்த்தர் மோசேயின் காலத்திலேயே கதவைத் திறந்து வைத்திருந்தார். மங்கையர்க்கரசி அன்றைக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

அதிகாரத்தின் முடிவில் அவருடைய சொந்தக் கையெழுத்து இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வேதத்தை முழுதாகப் படித்து முடிப்பவர் அவர். ஒவ்வொரு அதிகாரத்தின் கீழேயும் படித்த தேதியைப் பென்சிலால் பொடியாக எழுதி வைப்பார். அங்கே முப்பத்தொரு தேதிகள் இருந்தன. எல்லாம் பிப்ரவரி. கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனந்தராஜின் பெற்றோர் வந்த வருடத்துத் தேதியும் இருந்தது. அவர்கள் வந்துபோன ஒன்பதாம் நாள்.

சாயங்காலம் வரை பொறுத்திருந்து, பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று தெரிந்த நேரத்தில் மகளுக்குப் போன் செய்தார். பின்னால் பிள்ளைகள் வேறு பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

“லேவியராகமம் இருபத்தேழு படிச்சேம்மா.”

அருள் சத்தமில்லாத இடத்துக்கு நடந்து போவது தெரிந்தது.

“வருஷா வருஷம் படிக்கிறீங்களேப்பா.”

“படிச்சேன். கண்ணுல படல.”

அப்போதுதான் அவள் சொன்னாள். வேதாகமக் கல்லூரியில் முதல் வருடமே அந்த அதிகாரத்தை வகுப்பில் எடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவள் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள்; சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டாள். தான் சொன்னால் அது வாதமாகிவிடும். அப்பா எப்படியும் பிப்ரவரியில் இந்த அதிகாரத்துக்கு வருவார், தானே பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள்.

“அஞ்சு வருஷம் பிப்ரவரி மாசம் போன் அடிச்சா ஓடுவேன்பா. அப்புறம் விட்டுட்டேன்.”

தாவீது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

“அம்மா சொன்னாங்களே. இன்னா ஆச்சு?”

நீ வந்துவிடு, போதகருக்கு முன்னால் அந்தப் பொருத்தனையை மீட்டுவிடுகிறேன், மிஷனுக்கும் நானே எழுதுகிறேன் என்று வேகவேகமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, நாற்பது வயதுப் பெண்ணிடம் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே கூசியது.

“நான் இப்ப உங்க கையில இல்லப்பா, நீங்க விடுறதுக்கு. மூணாவது வருஷம் இது என் வேலைன்னு நானே முடிவு பண்ணேன். இல்லன்னா இங்க இருந்திருக்க முடியாது. அதையும் எடுத்துக்காதீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. படித்ததற்குச் சந்தோஷம் என்றும் சொன்னாள். இனிமேல் அந்தச் சாட்சியைச் சபையில் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மாலைப் பாடத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று போனை வைத்தாள்.

புதன்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். போதகர் அதிகாரத்தை வாசித்துவிட்டு, இந்தக் கதை முழுவதிலும் யெப்தா பேசுகிறான், மகள் பேசுகிறாள்; பொருத்தனை செய்தது முதல் நிறைவேறியது வரைக்கும் கர்த்தர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள் என்றார். பிறகு தாவீது எழுந்தார். அவர் பேச்சுக்குக் குறிப்பு எடுத்து வந்திருந்தார்; அதைப் பார்க்கவில்லை. லேவியராகமத்தை எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு, தனக்குத் தெரியாமல் போனதைச் சொன்னார். மனைவி சொன்னதைத் தட்டிவிட்டதைச் சொன்னார். மகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

சபை மூப்பர் ஒருவர் ஆறுதலாக, உங்கள் பொருத்தனையால்தான் அங்கே எத்தனையோ பெண்பிள்ளைகள் படித்தார்கள், கர்த்தர் எல்லாவற்றையும் நன்மையாக மாற்றுவார் அல்லவா என்றார். பலர் தலையாட்டினார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் தாவீதும் தலையாட்டியிருப்பார்.

“அது அவ செஞ்சது. நான் செஞ்சதா சொல்லாதீங்க,” என்றார்.

கைக்குழந்தையோடு வந்திருந்த சங்கீதா, அப்படியானால் ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வதே தப்பா என்று கேட்டாள். சபைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தாவீது அவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

“நம்ம உயிர நேந்துக்கலாம்மா. இன்னொருத்தர் உயிர நேந்துக்க நமக்கு யாரு உரிம குடுத்தது? எனக்கு இதுக்கு மேல தெரியல.”

உட்கார்ந்துவிட்டார். போதகர் ஜெபித்துக் கூட்டத்தை முடித்தார். மேற்கொண்டு விளக்கம் எதுவும் சொல்லாததற்கு தாவீது மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னார்.

மே மாதம் அருள் வழக்கம்போல வந்தாள். முன்பெல்லாம் அவள் வந்தால், அங்கே எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்றுதான் தாவீது கேட்பார். இந்த முறை, எந்தப் பாடம் எடுக்கிறாய் என்று கேட்டார். பதினைந்து வருடமாகக் கணிதமும் அறிவியலும் எடுப்பதாகச் சொன்னாள். பின்னத்தைப் புரியவைக்க ஒரு பலகையைத் தானே செய்து வைத்திருப்பதாகச் சொல்லி, தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினாள். அவருக்குப் பாதி புரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். எப்போதோ மன்னித்துவிட்டேன் என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டே, தனக்காவது அங்கே பிள்ளைகள் இருந்தார்கள், வேலை இருந்தது, அம்மாவுக்கு இங்கே அதைப் பேச ஒரு ஆள்கூட இல்லையே என்றாள். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தது வாயில் வந்துவிட்டது. தாவீது கை கழுவப் போனவர், குழாயடியிலேயே நின்றுவிட்டார்.

இருபதாம் நாள் காலை, சென்ட்ரலில் ரயில் பிடிக்க அவள் கிளம்பினாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கிளம்பும்போது மகளின் தலையில் கைவைத்து, உமக்கென்று கொடுத்துவிட்ட பிள்ளை என்று ஆரம்பித்து ஜெபிப்பது தாவீதின் வழக்கம். அருள் செருப்பைப் போடாமல் தலை குனிந்து நின்றாள். அவர் கையை வைத்தார். அந்த வார்த்தைகளைத் தவிர வேறு எப்படி ஆரம்பிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கடைசியில் அருளே ஜெபித்தாள். அப்பாவின் கால்வலிக்காகவும், பயணத்துக்காகவும், விடுதிப் பிள்ளைகளுக்காகவும் இரண்டு வரி. ஆமென் என்று சொல்லிவிட்டு, “மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்கோங்கப்பா,” என்று பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

தாவீது தெருமுனை வரை ஆட்டோவின் பின்னாலேயே நடந்தார். அது பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்.