நீர்வரத்துப் பக்கம்

மதியம் தாண்டித்தான் கரையோரப் பனிமேல் கறுப்புப் பூச்சிகள் மிளகு தூவினாற்போல ஊர ஆரம்பித்தன. அதுவரை ஹார்லனும் அவன் மனைவி டெல்லாவும் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்தபடி ஆற்றை முறைத்துக்கொண்டிருந்தார்கள். மொண்டானாவில் மார்ச் மாதத்து ஆறு அப்படித்தான். உருகிய பனியைச் சுமந்து, பச்சையும் பழுப்புமாய், முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று காட்டாமல் ஓடும். காலையிலேயே தூண்டில் வீசுகிறவனுக்குக் கைவிரல் விறைத்ததுதான் மிச்சம். தண்ணீர் கொஞ்சம் சூடேறி, பூச்சி வந்த பிறகுதான் அதைத் தின்ன ட்ரவுட் மீன் துரைமார் மேலே எழுந்தருளுவார்கள்.

எழுந்தருளினார்கள், ஆனால் எதிர்க்கரையில், பெரிய பாறைக்குப் பின்னால்.

"பாத்தியா! வாடி, போலாம்."

அந்த ஆற்றை இரண்டு பேர் கடக்க ஒரு முறை உண்டு. கைகோத்து, எதிர்க்கரையைப் பார்த்து நடக்க வேண்டும். பலமுள்ளவர் ஊன்றுகோலோடு, தண்ணீர் வந்து மோதும் நீர்வரத்துப் பக்கம் நின்று தண்ணீரை வெட்டிக் கொடுப்பார், மற்றவர் அந்த மறைவில் வருவார். கல்யாணமான நாளிலிருந்து நீர்வரத்துப் பக்கம் ஹார்லனுடையது. ஆனால் போன இலையுதிர்காலத்தில் பக்கவாதம் வந்து அவன் இடது காலைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கால் வழுக்கினால் அவன் டெல்லா மேல்தான் விழுவான், இருவரையும் ஆறு வாரிக்கொண்டு போய்விடும். அதைச் சொன்னாலோ, ரோஷக்கார மனுஷன் இனி ஜென்மத்துக்கும் தூண்டிலைத் தொடமாட்டான்.

அவன் வழக்கம்போல முழங்கையை நீட்டினான்.

"இன்னைக்கு நான் அந்தப் பக்கம் நிக்கிறேனே" என்றாள்.

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இறங்கினார்கள். தண்ணீர் தொடையைத் தொட்டதுமே உருண்டைக் கல் ஒன்றில் அவன் இடது கால் நழுவியது. முழு பாரமும் அவள்மேல் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, எப்படியோ இறங்கிய கரைக்கே கொண்டு சேர்த்தாள்.

"எனக்கு மீனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ வேணும்யா எனக்கு!"

ஹார்லன் ஒரு கல்மேல் உட்கார்ந்து, இடது தொடையைத் தேய்த்துக்கொண்டே எதிர்க்கரையைப் பார்த்தான். ஒரு மீன் எழும்பியது. பக்கத்திலேயே இன்னொன்று.

"அதுங்க நம்மளக் கேலி பண்ணுதுங்க" என்றபடி எழுந்தான். ஊன்றுகோலை அவள் கையில் திணித்தான். அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து, இத்தனை நாள் அவள் நின்ற பக்கம் நின்று கையைக் கோத்துக்கொண்டான்.

"காலை அழுத்தி வை. அவசரப்படாத. கோலை முதல்ல—"

"வாயை மூடிக்கிட்டு வா."

நடு ஆற்றில் தண்ணீர் அவள் தொடையில் மோதி இரண்டாகப் பிரிந்தது. யப்பா, என்ன கனம்! இதையா இந்த மனுஷன் இத்தனை காலம் ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கினான்?

ஹார்லன் குனிந்து தன் கால்களைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் இவ்ளோ அமைதியாவா இருக்கும்? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேடி!"

கோலை அடுத்த கல்லிடுக்கில் ஊன்றினாள். பாறைக்குப் பின்னால் ஒரு மீனின் மூக்கு நீரைக் கிழித்து மறைந்தது. அது விட்டுப்போன வளையம் மெல்ல விரிந்தது.