எழுபதாயிரம் றாத்தல்

கபன் துணியின் தலைமாட்டுக் கட்டை அவிழ்த்து, ஜுனைதீனின் முகத்தைக் கடைசியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். றிப்கா பெண்களை விலக்கிக்கொண்டு வந்து தாய் நசீறாவின் காதருகே குனிந்தாள்.

"உம்மா, சனூன் மாமா உள்ளுக்கு வரமாட்டாராம். ரோட்டுக்கு அங்கால கதிரை போட்டு இருக்கிறார்."

"என்னவாம்?"

"வாப்பா அவரைக் கணக்குத் தெரியாதவன் எண்டு தேத்தண்ணிக் கடையில வைச்சுச் சிரிச்சவராம். அது பிழையெண்டு ஆராவது சொன்னாத்தான் சந்தூக்குப் பெட்டியில கை வைப்பாராம்."

நசீறாவுக்கு வந்த அழுகை வந்த வழியே திரும்பிப் போனது.

எல்லாம் அந்தக் குண்டு விமானங்களால் வந்த வினை. எது அதிகம் சுமக்கும் என்பதுதான் புருஷனுக்கும் அவளுடைய அண்ணன் சனூன் நானாவுக்கும் இத்தனை வருடப் பேச்சு. இவர் ரஷ்யாவின் டியூ-160 என்பார். நானா அமெரிக்காவின் பி-52 என்பார். சண்டைக் காலத்தில் பொம்பர் சத்தம் கேட்டதும் ஒரே பங்கருக்குள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படுத்தவர்கள்தான் இரண்டு பேரும். சண்டை முடிந்த பிறகோ, அவள் ஆக்கிய சோறு ஆறிக்கொண்டிருக்கும். இவர்கள் போனைப் பார்த்துக் குண்டு நிறுத்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். ரஷ்யன் நாற்பத்தைந்தாயிரம் கிலோ. அமெரிக்கன் எழுபதாயிரம் றாத்தல். ஒரு றாத்தல் அரைக் கிலோகூட வராது என்பது பாண் வாங்கப் போகும் பிள்ளைக்கும் தெரியும். நானா எழுபதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். இவராவது பொறுமையாக விளக்கியிருக்கலாம். சிரித்தார். பெருநாளோடு கோபித்துப் போனவர்தான் நானா, ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

இன்றைக்குத் தோள் கொடுக்காவிட்டால் இனி இந்த வாசலுக்கு வர அவர் கால் கூசும். புருஷனும் இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை என்றாகிவிடும். நசீறா போனை எடுத்தாள்.

"நானா, வாங்கோ. ளுஹர் தொழுகைக்கு நேரமாகுது."

"ஆர் சரியெண்டு முதல்ல சொல்லு."

மையத்து வீட்டில் கேட்கிற கேள்வியா இது. பல்லைக் கடித்துக்கொண்டு கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாயின் ஓரம், இப்போதும், கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இழுபட்டிருந்தது.

"நீங்கதான் சரி," என்றாள். "அமெரிக்கன்தான் கூடக் காவுமாம். அவரே சொன்னவர்."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில."

"மச்சான் அப்பிடி ஒத்துக்கொள்ளுற ஆளில்லையே. பொய் சொல்லுறாய்," என்றார் சனூன். குரல் உடைந்திருந்தது.

"வாறீங்களா, இல்லையா?"

போனை வைத்துவிட்டு, துணியை இழுத்து அந்த வாயைத் தானே மூடினாள்.

கதிரை இழுபடும் சத்தம் ரோட்டிலிருந்து கேட்டது. மகன் ஹில்மி, "நீங்க பின்னால பிடியுங்கோ மாமா," என்றான். "முன்னுக்கு நான்," என்றார் சனூன்.

நசீறா சீலைத் திரையை விரலால் நீக்கிப் பார்த்தாள். சந்தூக்கு தோள்களுக்கு ஏறியது. நானா குள்ளம், அவர் மூலை சரிந்தது. பக்கத்து வீட்டு றிஸ்லான் தோள் மாற்றக் கை நீட்டினான். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கால் விரல்களில் எக்கி, பெட்டியை மட்டமாக்கினார்.

கேற்றைத் தாண்டும்வரை அவர் குதிக்கால் மண்ணில் படவில்லை.