நடுவலி பெல்ட்

ஜேசுதாஸை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேவலப்படுத்த வேண்டும் என்றுதான் அன்று காலை கிளம்பினேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவர் தக்கலையில் எங்கள் வீட்டு ஓனர். நானும் சபிதாவும் மாடியில் குடியிருக்கிறோம். ஊருக்குத் தோழிகள், கதவைச் சாத்திவிட்டால் காதலிகள். நாங்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்து வந்து அலமாரியைக் குடைந்திருக்கிறார். காணாமல் போனது ஒரு சிவப்புத் துணிப்பை. அதில் எங்கள் சிலிக்கான் ஆண்குறியும், அதை இடுப்பில் பொருத்திக்கொள்ளும் பெல்ட்டும் இருந்தன.

அந்த பெல்ட்டுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வாங்கிய தோல் பெல்ட் சபிதாவின் தொடையை அறுத்தது. அப்புறம் இடுப்பை டேப் வைத்து அளந்து, வளையத்தின் அகலம் பார்த்து, துவைக்கத் தோதாகத் துணியில் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் வாசனையில்லாத சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்தி, தனித்தனியாகச் சுற்றி வைப்பாள் சபிதா. தன் தங்கச் சங்கிலியைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அதில் இந்த ஆளின் விரல் பட்டதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

போனில் கூசாமல் சொன்னார்.

"ஏட்டி அஞ்சு, உங்க சாதனம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. தனியா வந்து என்னப் பாத்தேன்னா பூதப்பாண்டியில இருக்க உங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியாது."

போனை வைத்ததும் அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் நானே சொன்னேன். "இனி இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றார் அப்பா. அழுது தீர்த்தேன். அந்த அழுகைக்கும் சேர்த்தே ஜேசுதாஸ் அனுபவிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவரது பெயிண்ட் கடையில் கூட்டம் சேரும் நேரத்தில் இருவருமாகப் போனோம். கல்லாவில் அவர் மனைவி சிந்தியா அக்கா இருந்தார்.

"அண்ணே, எங்க அலமாரியில இருந்து எடுத்த சிவப்புப் பையத் தாங்க," என்றேன்.

"எந்தப் பை? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பாட்ட நானே சொல்லியாச்சு. இனி என்னத்தச் சொல்லி மெரட்டுவிய?"

சிந்தியா அக்காவின் பக்கம் திரும்பினேன். கறுப்புத் துணி, இரண்டு பக்கமும் கொக்கி, முன்னால் ஒரு வளையம் என்று பெல்ட்டை விவரித்தேன். எதற்கானது என்பதையும் விடவில்லை. பிரஷ் வாங்க வந்தவர்கள் பிரஷை மறந்து நின்றார்கள்.

அக்காவின் முகம் வெளுத்தது. எழுந்து போய்ப் புருஷனின் சட்டையைத் தூக்கினார். பனியனுக்கு மேலே, தொப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பெல்ட் இருந்தது. வளையம் சரியாகத் தொப்புளுக்கு நேரே.

"கார்ல கெடந்தத என்னன்னு கேட்டேன். நடுவலி பெல்ட்டு, இடுப்புப் பிடிப்புக்கு நல்லதுன்னு சொன்னிய," என்றார் அக்கா. "டெய்லி தைலம் தேச்சு நாந்தானே மாட்டி விட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜேசுதாஸ் கொக்கியோடு மல்லுக்கட்டினார். எவ்வளவு இழுத்தும் அது திறக்கவில்லை. எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

"கழட்டாண்டாம்ண்ணே," என்றாள் சபிதா. "தைலம் பட்ட பொறவு அது எங்களுக்கு ஆவாது. நீங்களே போட்டுக்கிடுங்க."

நாங்கள் படியிறங்கும்போது சிந்தியா அக்காவின் குரல் கேட்டது. சத்தம்கூடப் போடவில்லை.

"அந்த வளையத்துல மாட்டுறத எங்க வச்சிருக்கிய?"